நிற்காத வேன்

முகிலனுக்கு இந்தக் கிறுக்கு யூடியூப் பார்த்துப் பிடித்தது. கூரையில் கூடாரம் வைத்த வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்தான். அப்பா, அம்மா, மனைவி வினிதா, எட்டு வயது மகள் அனுப்பிரியா என்று மொத்தக் குடும்பத்தையும் அள்ளிப் போட்டுக்கொண்டு பம்மலிலிருந்து கிளம்பிவிட்டான். திருநீர்மலை அடிவாரத்தில் எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றியதோடு சரி. அப்புறம் டீசலுக்கும் சோற்றுக்கும் தூக்கத்துக்கும்தான் வண்டி நின்றது. நான்காம் நாள் குஜராத்தில் கட்ச் உப்புவெளிக்குள் நுழைந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தார்கள். வினிதா மட்டும் எங்காவது புதர் தெரிகிறதா என்று பார்த்தாள்.

பேருக்கு ஒன்றுகூட இல்லை. கண்ணுக்கெட்டிய வரை கோலமாவு கொட்டியது போல வெள்ளைத் தரைதான்.

அடக்குவது அவளுக்குப் புதிதல்ல. குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பதினோரு வருடமாக பில் போடுகிறாள். அங்கே பாத்ரூம் நாலாவது மாடியில். போய்விட்டு வந்தால் சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்ப்பார். அதனால் காலையில் அரை டம்ளர் காபியோடு வாயைக் கட்டிவிடுவாள். வெளியூர் போவதென்றால் அந்தக் காபியும் கிடையாது. பஸ் ஏறுகிற பெண்கள் எல்லோரும் கற்று வைத்திருக்கும் வித்தை, என்ன கண்றாவி வித்தையோ!

இரண்டாம் நாள் வாய் திறந்துதான் பார்த்தாள். முன்சீட்டில் இருந்த மாமனார் முனிரத்தினம் திரும்பாமலே, "இன்னாம்மா, இது இன்னா ஷேர் ஆட்டோவா, அங்கங்க நின்னு நின்னு போறதுக்கு?" என்றார். கெட்ட மனிதர் இல்லை, இருட்டுவதற்குள் கூடாரம் போட வேண்டுமே என்ற அவசரம் அவருக்கு. ஆனால் அவளுக்கு உடம்பே கூசிப்போயிற்று. பக்கத்தில் மாமியார் அஞ்சம்மாள் எதையும் காதில் வாங்காதவள் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று விடிந்ததிலிருந்து வினிதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலை மாற்றி மாற்றிப் போட்டாள். கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். அடிவயிறு கடுத்தது. முகிலன் உற்சாகமாக ஏதேதோ காட்டிக்கொண்டே வந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

மத்தியானம் அனுப்பிரியா அவள் தோளில் சாய்ந்தாள். நெற்றி கொதித்தது, உதடு வெடித்திருந்தது. வினிதா பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அது குழந்தையின் பாட்டில். காலையில் நிரப்பியது நிரப்பியபடியே இருந்தது.

"குடிடி செல்லம்."

அனுப்பிரியா தலையை ஆட்டி மறுத்தாள். தாத்தாவுக்குக் கேட்காமல் அம்மா காதில் சொன்னாள். "வேணாம்மா. குடிச்சா வரும். நீயும்தான குடிக்க மாட்டேங்கற?"

எட்டு வயதில் இதையா கற்றுக்கொடுத்தேன் என்று வினிதாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. பாட்டிலைத் திறந்து, மகள் பார்க்கப் பார்க்கக் கால்வாசித் தண்ணீரை மடமடவென்று தானே குடித்தாள். பிறகு அவள் வாயில் வைத்தாள். குழந்தை மூச்சு வாங்கக் குடித்தது.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள் வினிதா. கடையில் வரிசையை விட்டு முந்துகிறவர்களை அதட்டுகிற குரல் அது.

நாற்பது கிலோமீட்டரில் ஓட்டல் வருகிறது, இங்கே மறைப்பு எதுவும் இல்லையே என்று முகிலன் இழுத்தான்.

"இல்லாட்டி போவுது. எனக்கு ஒண்ணுக்குப் போவணும். இப்பவே போவணும்."

முனிரத்தினம் கனைத்தார். கனைத்ததோடு நிறுத்திக்கொண்டார். வேன் ஓரங்கட்டி நின்றது. அப்பாவும் பிள்ளையும் முன்பக்கம் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் தூரமாக நடந்தார்கள். வினிதா மகளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சீட்டுக்கடியிலிருந்து போர்வையை உருவினாள்.

அதற்குள் அந்தப் பக்கத்துக் கதவு திறந்துகொண்டது. செருப்பைக்கூடப் போடாமல், புடவையைத் தூக்கிப் பிடித்தபடி அஞ்சம்மாள் வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வந்து போர்வைய புடிடி" என்றாள். "நீ மறுபடி எப்ப வாயத் தொறப்பேன்னு ரெண்டு நாளா பாத்துகினு வரேன்."