மைனஸ் நாலு

நானூறு பேர் தேவை என்று கம்பெனி போர்டு வைத்த மறுநாள் காலை, கேட்டுக்கு வெளியே ஆயிரம் பேர் நின்றோம். உறைந்த மீனையும் கறியையும் லாரியில் அனுப்பும் கம்பெனி. போன வருடம் இங்கே மூன்று மாதம் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றவன் நான். லாரிக் கதவைத் திறக்கும் முன்பே, வெப்பநிலைத் தாளில் எல்லாக் கட்டத்திலும், உறைந்த சரக்குக்கு இருக்க வேண்டிய மைனஸ் பதினெட்டு என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மூன்று மாதமும் எழுதினேன். பிறகு முடியவில்லை.

எனக்குப் பின்னால் அக்கா. எட்டு மாதமாக அவள் வீட்டுச் சோறுதான் தின்கிறேன். அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். இரண்டு பேரில் ஒருவருக்காவது இன்று வேலை கிடைத்தாக வேண்டும்.

"டேய், இந்தத் தடவையாவது வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

"வாய் சும்மாதான்க்கா இருக்கும்."

"கை?"

உள்ளே ஒவ்வொரு மேசையிலும் ஒரு மீன் பெட்டி, ஒரு தெர்மோமீட்டர். அளந்து தாளில் எழுத வேண்டும். அதுதான் தேர்வு. சுவரில் மாதிரித் தாள் ஒட்டியிருந்தது. எல்லாக் கட்டத்திலும் பதினெட்டு. முன்னால் நின்றவர்கள் சுவரைப் பார்த்து எழுதிவிட்டு நகர்ந்தார்கள். பெட்டி காலையிலிருந்து மேசையில் வியர்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் வரிசை மேசைக்குப் பின்னால் என் பழைய சூப்பர்வைசர்.

"அட, ஓடிப்போன மாப்பிள்ளை. வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்."

பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்தேன். மீன்களுக்கு நடுவே கம்பியைச் செருகி, எண் நிற்கும்வரை பொறுத்தேன். மைனஸ் நாலு என்று எழுதினேன்.

"சுவத்துல என்ன போட்டிருக்கு?"

"சுவத்தை அளக்கச் சொல்லலையே சார்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இருநூறு பேர் பதினெட்டு எழுதியிருக்கான். அவனெல்லாம் முட்டாளா?"

"ஒருத்தரும் பெட்டியைத் திறக்கல சார். டேப்பை இப்ப நான்தான் கிழிச்சேன்."

பேனாவை நீட்டினார். "அடிச்சுட்டுப் பதினெட்டு எழுது. வேலை உனக்கு."

பேனாவை வாங்கி, நாலின் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினேன். தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். "அடுத்த ஆள்."

கேட்டுக்கு வெளியே நின்றேன். பத்து நிமிடத்தில் அக்கா வந்தாள். நடை வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"உன்னால எனக்கும் போச்சுடா."

"நீ பதினெட்டு எழுத வேண்டியதுதானே?"

"எழுதலாம்னுதான் குனிஞ்சேன். நீ பெட்டியைத் திறந்துல்ல போட்டுட்டுப் போயிருக்க. தண்ணி சொட்டுது. அதைப் பார்த்துக்கிட்டே எப்படிடா எழுதுறது?"

"அப்ப என்ன எழுதின?"

"மூணு. அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் இளகிடுச்சு."