கனைத்தால் சம்மதம்

காலை ஏழு ஐந்துக்கு அந்த ஓட்டலின் லிஃப்ட் மணி அலறியது. விடாமல் அலறியது. கீழே வரவேற்பறையில் பெட்டிகளோடு காத்திருந்த திருயாத்திரைக் குழு மொத்தமும் மேலே அண்ணாந்து பார்த்தது. கதவுக்கு மேலிருந்த சிவப்பு எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மாறி மாறி மினுக்கிவிட்டு, அணைந்துவிட்டது.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஒன்பது பேர். அது ஆறு பேருக்கான லிஃப்ட். அப்படித்தான் அதில் எழுதியிருந்தது என்பது பிறகு தெரிந்தது. எழுதியிருந்த மொழி யாருக்கும் தெரியாததால் குழு அதை அலங்காரம் என்று நினைத்திருந்தது. ஒன்பது பேரில் முக்கியமானவர்கள் மூவர். குழுவை அழைத்து வந்த பங்குத்தந்தை. விசிலும் கையுமாக நேரத்தைக் கட்டிக் காக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, எல்லோருக்கும் டீச்சர். மூன்றாவது, குழுவில் முப்பத்தொரு பேருக்கும் அடையாளத்துக்கு மஞ்சள் துணிப்பை தைத்துக் கொடுத்த தையற்கடை அம்மாள்.

தையற்கடை அம்மாளுக்கு அடைத்த பெட்டி என்றால் ஆகாது. முப்பத்தெட்டு வருடம் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தியும் அவர் லிஃப்டில் ஏறியதே இல்லை. அன்று மட்டும் ஏறினார். காரணம், புதுப் பட்டுச்சேலை. மடிப்பு கலையாமல் நாலு மாடி இறங்க வேண்டும். அன்று அவருடைய கல்யாணம்.

மறுகல்யாணம் என்று சொல்வதே சரி. யாத்திரையின் ஏழாம் நாள், இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய ஊருக்குப் போகிறார்கள். அங்கே உள்ள கோவிலில், வரும் தம்பதிகள் கல்யாண வாக்கைப் புதுப்பித்துக்கொள்வது வழக்கம். குருவானவர் கேட்பார், கணவன் “சம்மதம்” என்பான், மனைவி “சம்மதம்” என்பாள், பூவேலைப்பாடு போட்ட சான்றிதழில் கையெழுத்தாகும். குழுவில் ஏழு ஜோடி பெயர் கொடுத்திருந்தது. அம்மாள் இந்த யாத்திரைக்குக் கிளம்பியதே அந்த ஒரு வார்த்தையைக் காதால் கேட்கத்தான். ஆற்றில் முழுகுவதும் மலை ஏறுவதும் அவருக்கு வழியில் வந்த வேலைகள்.

கதை பேருந்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அவருடைய வீட்டுக்காரர் பேச மாட்டார், கனைப்பார். ஒரு கனைப்பு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. நீளமாக ஒன்று என்றால் சட்டைக்குப் பொத்தான் இல்லை. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் பீடத்துக்கு முன்னால் நிற்க வைத்து, இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்கச் சம்மதமா என்று கேட்டபோதும் மனிதர் கனைத்தார். கல்யாணம் முடிந்துவிட்டது.

“குதிரைகூடத்தான் கனைக்குது. அதுக்காக அது என்னைக் கட்டிக்கச் சம்மதம் சொல்லிச்சுன்னு அர்த்தமா?” என்று அம்மாள் முதல் நாளே பேருந்தில் கேட்டார். பின் இருக்கையிலிருந்து பதில் வந்தது. இரண்டு கனைப்பு.

அவர் மனதில் அந்தச் சந்தேகம் முப்பத்தெட்டு வருடமாக முள்ளாகக் கிடந்தது. கட்டிக்கொள்ள இஷ்டமில்லாமல்தான் கனைத்தாரோ என்று. இரண்டு பிள்ளைகள் பிறந்து, அவர்கள் வளர்ந்து, பேரப்பிள்ளைகளும் வந்த பிறகும் முள் முள்ளாகவே இருந்தது. இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லாவிட்டால் மீதி வாழ்க்கைக்கு மகள் வீட்டுக்குப் போய்விடுவதாக அவர் கறாராகச் சொல்லியிருந்தார். சொல்கிறேன் என்று மெக்கானிக்கும் ஒப்புக்கொண்டிருந்தார். கனைத்துத்தான்.

மெக்கானிக் அந்த லிஃப்டில் ஏறவில்லை. ஓட்டலுக்கு வந்த அன்றே கதவில் காதை வைத்துக் கேட்டு, இரண்டு முறை கனைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறியவர் அவர். மணி அலறியபோது அவர் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை மேசையில் வைத்தார். இடுப்புச் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோச் சாவியோடு தொங்கிய முக்கோணத் துளைச் சாவியைத் தனியே பிரித்து எடுத்தார். லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கும் சாவி அது. வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியும் அதை மட்டும் அவர் விடவில்லை. வழியில் விமான நிலையத்தில் நாலு அதிகாரிகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏதோ வேண்டுதல் பொருள் என்று முடிவுகட்டித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

வரவேற்பறைப் பையன் எங்கோ போன் பேசிவிட்டு மூன்று விரலைக் காட்டினான். ஆள் வர மூன்று மணி நேரம். கல்யாணக் கோவிலில் இவர்களுக்கு ஒதுக்கியிருந்தது பதினொன்றிலிருந்து பதினொன்று இருபது வரை. போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம் ஆகும். தவறவிட்டால் அடுத்த இடம் வசந்த காலத்துக்குத்தான் என்று டீச்சர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

மெக்கானிக் பேருந்து ஓட்டுநரின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். ஓட்டுநர் இந்த நாட்டுக்காரர்; நல்ல தோள்பலம், தமிழ் சுத்தமாகத் தெரியாது. எங்கே பிடித்தாரோ, காலையில் எல்லோரையும் பார்த்து நெஞ்சில் கை வைத்து, “சம்மதம், சம்மதம்” என்று வணக்கம் சொல்வார். அதை டீச்சர்தான் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று ஃபாதர் நினைத்தார். ஃபாதர்தான் என்று டீச்சர் நினைத்தார்.

மொட்டை மாடியில் இயந்திர அறை. கதவைத் திறந்ததும் பத்து வருடத் தூசி எழுந்து வந்து வரவேற்றது. மெக்கானிக் மின்சாரத்தை நிறுத்தினார். பிரேக்கை விடுவிக்கும் நெம்புகோலைத் தான் பிடித்துக்கொண்டு, ஓட்டுநரை இரும்புச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லிக் கைகாட்டினார். ஒரு சுற்றுக்கு லிஃப்ட் அரை விரல்தான் நகரும். கயிற்றில் பெயிண்டால் போட்ட குறி வரும்வரை சுற்ற வேண்டும். ஒரு மணி நேர வேலை. கயிறு இறங்கும் துளை வழியே கீழே பார்த்தால் இருட்டு.

அந்த இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏங்க… இருக்கீங்களா?”

மெக்கானிக் கனைத்தார். நாலு மாடிக் கிணற்றில் கனைப்பு எங்கே போய்ச் சேரும்? கீழே விசும்பல் தொடங்கியது. ஃபாதர் செபமாலை சொல்லிப் பார்த்தார். அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. டீச்சர் விசில் ஊதிப் பார்த்தார், இன்னும் மோசமாகிவிட்டது.

“இருக்கேன்,” என்று மெக்கானிக் துளையில் வாயை வைத்துக் கத்தினார்.

விசும்பல் நின்றது. அரை நிமிடம் கழித்து மறுபடி, “ஏங்க?” மறுபடி “இருக்கேன்.” குரல் நின்றால் அழுகை கிளம்புகிறது, குரல் கேட்டால் நிற்கிறது என்பதை மெக்கானிக் சட்டென்று பிடித்துக்கொண்டார். எத்தனையோ இயந்திரங்களின் கோளாறை இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார். எனவே பேசத் தொடங்கினார்.

முதலில் லிஃப்டைப் பற்றிச் சொன்னார். ஐந்து கயிறு இருக்கிறது, ஒன்று போதும், நாலு சும்மா துணைக்கு. கயிறே அறுந்தாலும் இரண்டு பக்கமும் கொக்கி கவ்விக்கொள்ளும். அது தீர்ந்ததும் தான் பழுது பார்த்த லிஃப்டுகளை வரிசையாகச் சொன்னார். ஆஸ்பத்திரி லிஃப்ட், துணிக்கடை லிஃப்ட், பூனை மாட்டிக்கொண்ட லிஃப்ட். அதுவும் தீர்ந்தது. சக்கரம் சுற்றும் வேலை பாதிகூட முடிந்திருக்கவில்லை. சரக்கு இல்லாமல் போகவே, குடும்ப விஷயங்களை எடுத்துவிட்டார். வெளியூருக்குப் பதவி உயர்வு வந்ததையும், அவளுடைய கடை ஊரில் இருக்கிறதே என்று, அவளிடம் சொல்லாமலே வேண்டாமென்று எழுதிக் கொடுத்ததையும் சொன்னார். மாமனாரின் கைக்கடிகாரத்தைத் தொலைத்தது மகன் அல்ல, தான்தான் என்றார்.

“நீ தச்ச நீலச் சட்டை இருக்கே, அது கைக்கு இறுக்கம். பத்து வருஷமா சொல்லணும்னு இருந்தேன்.”

“அதை இப்பவா சொல்றது?” என்று கீழேயிருந்து பதில் வந்தது. அழுகை போய் கோபம் வந்திருந்தது. “கொஞ்சம் பிரிச்சு விட்டா ஆச்சு. வாயில என்ன வச்சிருந்தீங்க இத்தனை நாளா?”

லிஃப்டுக்குள் இருந்த மற்ற எட்டுப் பேரும் செபத்தை மறந்துவிட்டார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று டீச்சரே ஒருமுறை மேலே பார்த்துக் கேட்டதாகக் கேள்வி.

எட்டேகாலுக்குக் கயிற்றுக் குறி வந்தது. மெக்கானிக் இரண்டாம் மாடிக்கு ஓடி, முக்கோணச் சாவியைப் போட்டுத் திருகினார். கதவு திறந்தது. ஒன்பது பேரும் பெட்டிகளும் வியர்வையுமாக வெளியே வந்து விழுந்தார்கள். அம்மாள் கடைசியாக வந்தார். சேலை மடிப்பு கலையவில்லை. கண்மைதான் கன்னம் வரை வந்திருந்தது. புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். தலை முழுக்கத் தூசி, கை முழுக்கக் கிரீஸ்.

“போய் கை கழுவிட்டு, புதுச் சட்டையைப் போடுங்க. நேரமாச்சு.”

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

பேருந்தில் வைத்தியம் ஆரம்பமானது. குழுவில் இருந்த முப்பத்தொரு பேரில் இருபது பேர் அன்றைக்குத் தொண்டை மருத்துவர்களாகிவிட்டார்கள். ஒருவர் வெந்நீரும் உப்பும் கொடுத்தார், ஒருவர் தேன் கொடுத்தார், இருமல் மிட்டாய் நாலு வகை வந்தது. முந்தாநாள் புனித ஆற்றில் பிடித்த தண்ணீரை ஒருத்தர் பாட்டிலோடு நீட்ட, அதில் முப்பத்தொரு பேரும் முழுகியிருக்கிறோம் என்று டீச்சர் ஞாபகப்படுத்தித் தடுத்தார். எதுவும் பலிக்கவில்லை. இரண்டரை மணி நேரத்தின் முடிவில் மெக்கானிக்கால் அவருடைய தாய்மொழியான கனைப்பைக்கூடப் பேச முடியவில்லை.

அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “முப்பத்தெட்டு வருஷம் சேத்து வச்ச குரல், டீச்சர். சரியா இன்னைக்குக் காலையில பாத்துச் செலவு பண்ணிட்டார்,” என்றார். யாருக்காகச் செலவானது என்று டீச்சர் சொல்ல வாயெடுத்தார். அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

கோவிலுக்குள் நுழைந்தபோது பதினொன்று நாலு. ஏழு ஜோடியும் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நின்றது. ஃபாதர் ஒழுங்கில் கெட்டி. எதையும் சுருக்க மாட்டார். முதல் ஜோடி சம்மதம், இரண்டாவது சம்மதம். மூன்றாவது கணவர் காது கேட்காமல் “ஆமென்” என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து வந்தார்கள். பதினொன்று பதினைந்துக்கு ஏழாவது ஜோடியின் முறை வந்தபோது அடுத்த குழு வாசலில் பாட்டுப் பாடத் தொடங்கியிருந்தது.

இந்தப் பெண்ணை மனைவியாகத் தொடர்ந்து ஏற்கச் சம்மதமா என்று ஃபாதர் கேட்டார்.

மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது, உதடு அசைந்தது. ஒலி மட்டும் இல்லை. இரண்டாம் தடவை முயன்றபோது துருப்பிடித்த கீல் திறப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க, அது தும்மலாக வெளியே வந்தது. அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேலைத் தலைப்பை விரல் சுற்றிச் சுற்றி இறுக்கியது.

மெக்கானிக் பையிலிருந்து பென்சிலையும் காகிதத்தையும் எடுத்தார்.

“இது என்ன லீவ் லெட்டரா, எழுதிக் கொடுக்க?” என்றார் ஃபாதர், வருத்தத்தோடுதான். காலையில் அந்த மனிதர் இல்லையென்றால் தான் இங்கே நிற்கவே முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வாக்கு வாயால் வர வேண்டும் என்பது முறை.

அப்போதுதான் பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல் கேட்டது.

“சம்மதம்.”

எல்லோரும் திரும்பினார்கள். பேருந்தை நகர்த்தச் சொல்கிறார்கள் என்று சொல்ல வந்த ஓட்டுநர், தூணோரம் நின்றிருந்தார். காலையில் கூடவே சக்கரம் சுற்றிய நண்பர் அந்த வார்த்தை வராமல் தவிப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. இந்த வார்த்தையை எங்கே கற்றாய் என்று ஃபாதர் ஜாடையில் கேட்டார். ஓட்டுநர் மெக்கானிக்கைக் காட்டினார். பிறகு நடித்தே காட்டினார். விடிந்ததும் பேருந்துக்குப் பின்னால் வந்து நிற்பது, சுற்றுமுற்றும் பார்ப்பது, சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து, “சம்மதம். சம்மதம்.” ஆறு விரலைத் தூக்கிக் காட்டினார். ஆறு காலை.

மெக்கானிக்கின் காது இரண்டும் சிவந்துவிட்டன. அம்மாள் இப்போது தரையைப் பார்க்கவில்லை.

டீச்சர் கடிகாரத்தைக் காட்டினார். பதினொன்று பத்தொன்பது. ஃபாதர் கையில் பேனாவைத் திறந்தபடி சங்கடத்தில் நெளிந்தார்.

“எல்லாம் சரிதாம்மா. ஆனா கட்டிக்கிறவர் வாயால வரலியே. பக்கத்துல நிக்கிற இன்னொருத்தர் சொல்ற சம்மதத்தை நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

அம்மாள் சான்றிதழை எடுத்து அவர் முன்னால் நேராக வைத்தார்.

“போடுங்க ஃபாதர். அன்னைக்கு எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வச்ச சாமியாரும் இதையேதான் கேட்டார். ‘அவர் சம்மதம்னுதான் சொன்னார், எனக்கு நல்லாக் கேட்டுச்சு’ன்னு பக்கத்துல நின்னு சொன்னதே நான்தான்.”