நாலாவது கடற்கரை

சிக்னல் சிவப்புக்கு மாறியதைப் பார்த்தான். பார்த்தும் நிற்கவில்லை. வலது பக்கமிருந்து வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவனுடைய மூன்று தலைமுறையையும் விசாரித்தார். காதில் வாங்கிக்கொள்ள நேரமில்லை. மாமனார் தண்ணீரில் கால் வைப்பதற்குள் போயாக வேண்டும்.

அந்தக் கால்தான் விஷயம். மாமனார் சர்க்கரை நோய்க்காரர். இடது குதிகாலில் இரண்டு மாதமாக ஆறாத புண், இந்த வாரம்தான் போனால் போகிறதென்று மூடத் தொடங்கியிருந்தது. அழுக்குத் தண்ணீர் பட்டால் பாதத்தோடு போகாது என்று டாக்டர் எச்சரித்தபோது பக்கத்தில் நின்றவன் இவன்தான். மாமனார் காதில் விழுந்தது வேறு. அழுக்குத் தண்ணீர்தானே கூடாது, சுத்தமான உப்புத் தண்ணீர் புண்ணுக்கு நல்லது என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

ஓரம் கட்டி மறுபடியும் போன் போட்டான். மச்சான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டான். மணல் பட்டுவிடும் என்று எல்லாப் போனையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு இறங்குகிற குடும்பம் அது.

முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் ஒரு மாநாடே நடந்தது. நகரத்தை ஒட்டி ஐந்து கடற்கரைகள். எதற்குப் போவது? மாமியாருக்குக் கழிப்பறை வேண்டும். மச்சானுக்குக் கார் நிறுத்த நிழல் வேண்டும். மாமனாருக்குத் தண்ணீர் சுத்தமாக இருந்தால் போதும். வீட்டுக்குள்ளேயே நிபுணர் இருக்கும்போது வெளியே யாரைப் போய்க் கேட்பது? மாநகராட்சியின் நீர்ப் பரிசோதனைப் பிரிவில் அவனுக்குப் பத்து வருடமாக வேலை, மூன்று வருடமாகக் கடற்கரைப் பொறுப்பு. வியாழக்கிழமைதோறும் ஐந்து கடற்கரைகளிலும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஆய்வகத்தில் சேர்ப்பான். அதை வைத்துத்தான் 'குளிக்கலாம்', 'குளிக்கக் கூடாது' என்று வாராவாரம் பட்டியல் வரும். மாமனார் அவனுக்கு வைத்த பெயரே 'கடல் டாக்டர்'.

கடல் டாக்டர் தயங்காமல் சொன்னது விளக்குக் கடற்கரையை. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். எல்லோரும் தலையாட்டினார்கள். நிம்மதியாகத் தூங்கி எழுந்து முடிவெட்டிக்கொள்ளப் போனான். திரும்பி வந்தால் மனைவி மட்டும் இருந்தாள்.

"தோப்புக் கடற்கரைக்கு மாத்திட்டாங்க. உங்க பட்டியல்ல அதுதான் முதல் இடமாம். அப்பாவே போன்ல தேடிக் கண்டுபிடிச்சார், பெருமை தாங்கல அவருக்கு."

கழுத்தில் ஒட்டியிருந்த முடியைக்கூடத் தட்டாமல் வண்டியை உதைத்தவன்தான்.

பட்டியலில் ஐந்துக்கும் ஏறக்குறைய ஒரே எண்கள். தோப்பு ஒரு மயிரிழையில் முதலிடம். ஆனால் அது போன வாரத்துப் பட்டியல். மாமனாரை அழைத்து வர இந்த வியாழக்கிழமை அவன் விடுப்பு எடுத்திருந்தான். அவனுக்குப் பதிலாகப் போனவர், ஓய்வு பெற ஆறு மாதமே இருக்கும் சக ஊழியை. வெள்ளிக்கிழமை மாலை ஆய்வக அதிகாரி அவனைக் கூப்பிட்டுக் கண்ணாடித் தட்டைக் காட்டினார். நாலாவது பாட்டிலில், அதாவது தோப்புத் தண்ணீரில், கிருமி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. மற்ற நான்கும் பழுதில்லை. ஒரே வாரத்தில் எப்படி இப்படி ஆகும் என்று கேட்டார்.

அவனிடம் பதில் தயாராக இருந்தது. அந்த அம்மாவுக்குக் கண் சரியில்லை, பாட்டில் வாயில் கை பட்டிருக்கும், திங்கட்கிழமை நானே போய் மறுபடி எடுத்து வருகிறேன், அதுவரை பட்டியலைத் தொட வேண்டாம். பத்து வருட அனுபவஸ்தன் சொன்னால் அதிகாரி நம்பாமல் என்ன செய்வார்? அடுத்த மேஜையில் இருந்த அந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவனை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

சாலை இரண்டாகப் பிரிந்த இடத்தில் தடுமாறி நின்றான். பலூன் விற்றுக்கொண்டிருந்தவரிடம் வழி கேட்டான்.

"இடப்பக்கம் விடுங்க. அப்புறம் மூக்கே வழி சொல்லும்" என்றார் அவர்.

சொன்னது. தோப்பின் பின்னால் கறுப்பாக ஒரு கால்வாய் நெளிந்து வந்து கடலில் கலந்தது. நுழைவாயிலில் பச்சைப் பலகை: 'குளிக்கலாம்'. கீழே அவனுடைய பிரிவின் முத்திரை. தண்ணீரில் முப்பது நாற்பது தலைகள்.

மாமனார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, குதிகால் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அலை பத்தடி தூரத்தில். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

மூச்சு வாங்க, ஜெல்லி மீன் கூட்டம் வந்திருப்பதாகத் தகவல் என்றான். காற்று வேறு திரும்பப் போகிறது என்றான். விளக்குக் கடற்கரைக்கே போய்விடலாம் என்று கெஞ்சினான். கழிப்பறையைக் கண்டுபிடிப்பதற்குள் மறுபடி கிளம்புவதா என்று மாமியார் முணுமுணுத்தபடி விரிப்பை உதறினார். தனக்காக மாப்பிள்ளை முடிவெட்டிய தலையோடு பறந்து வந்ததில் மாமனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கட்டை மறுபடி சுற்றிக்கொண்டு எழுந்தார்.

தப்பித்தாயிற்று. காரில் ஏறினால் பத்து நிமிடம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

பக்கத்து விரிப்பிலிருந்த பெண் ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். மாமனார் இதற்குள் அவளிடம் மாப்பிள்ளை புராணம் படித்து முடித்திருந்தார்.

"சார், குழந்தைக்கு முதல் தடவை. தண்ணியில இறக்கலாமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"தாராளமா இறக்குங்கம்மா. ஜெல்லி மீனெல்லாம் என் காலுக்குத்தான் பயம். மத்தபடி வாராவாரம் இவரே இங்க வந்து நின்னு பார்த்து எடுக்கிற தண்ணி. இவர் கையெழுத்துக்கு மேல என்ன வேணும்?"

அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். குழந்தையின் தொப்பியைக் கழற்றினாள். நுரை அவள் கால்விரல்களைத் தொட்டுவிட்டுப் போனது.

"வேண்டாம்மா" என்றான். அவள் திரும்பவில்லை. குறுக்கே போய் நின்றான். "இறக்காதீங்க. தண்ணி அழுக்கு. உள்ள இருக்கிற எல்லாரையும் வெளிய வரச் சொல்லணும்."

அவள் சட்டென்று பின்வாங்கினாள். மாமனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. பலகையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை இது? உங்க ஆபீஸ் முத்திரை குத்தியிருக்கு. யார் பண்ண தப்பு?"

வெள்ளிக்கிழமை சொன்ன அதே பெயர் நாக்கு நுனிக்கு வந்தது. கண்ணாடியைத் துடைத்த அந்தக் கைகளும் கூடவே வந்தன. விழுங்கினான். காது மடல் இரண்டும் தீயாகச் சுட்டன. மாமனாரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கட்டுப்போட்ட அந்தக் காலைப் பார்த்தே பேசினான்.

"நான் பண்ண தப்புதான், மாமா. மூணு வருஷமா அஞ்சு பாட்டிலையும் விளக்குக் கடற்கரையிலேயே ரொப்பிக் கொண்டுபோய்க் கொடுத்திட்டிருக்கேன். இந்த மணல்ல நான் கால் வைக்கிறதே இன்னிக்குத்தான் முதல் தடவை."