பதினெட்டாம் கட்டிலின் தட்டு

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டின் நீள மேசையில் தட்டக்கா சர்க்கரை நோயாளிகளின் தட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். பாதித் தட்டுக்கு வெந்த காய், கால் தட்டுக்குப் பயறு, ஒரு முட்டை, மிச்ச இடத்தில் ஒரே ஒரு கரண்டி சோறு. தட்டக்கா என்பது பதினோரு வருஷமாகத் தட்டு போடுவதால் வந்த பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

இன்சுலின் போட்டுக்கொள்கிற நோயாளி என்றால் தட்டோடு போகும் சீட்டில் சிவப்புப் புள்ளி இருக்கும். தட்டு திரும்பும்போது எவ்வளவு காலியாகியிருக்கிறது என்று பார்த்துத்தான் வார்டு வாசலில் சிஸ்டர் ஊசி மருந்தை அளப்பார்.

தட்டக்காவுக்கே சர்க்கரை வந்து இரண்டு வருஷம். கால் கட்டைவிரல் புண் ஆறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. "மாத்திரை பாதி வேலைதாம்மா செய்யும், மீதி சாப்பாடுதான். இப்படியே போனா விரலை எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். உணவு ஆலோசகரோ அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"தினமும் நீங்களே அளந்து போடறீங்க. உங்களுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கறது? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்னு சொல்லுவாங்க..."

"சட்டியிலயும் இருக்கு மேடம், அகப்பையும் என் கையிலதான் இருக்கு. வாயில போட்டா வேலை போயிடும்."

ஊழியர்களுக்கு வெள்ளை ரொட்டியும் ஜாமும் இலவசம், வேண்டிய மட்டும். நோயாளி தொடாத தட்டைக்கூட பின்வாசலில் இருக்கும் பீப்பாயில்தான் கொட்ட வேண்டும். பன்றிப் பண்ணை வண்டி வந்து எடுத்துப் போகும். வீட்டிலோ, காய் விற்கிற விலைக்கு அதைக் கனவில்தான் தின்ன வேண்டும்.

மூன்று மாதமாக அவள் திருடித் தின்றாள். தொடாமல் திரும்பும் தட்டாகப் பார்த்து, லிஃப்டுக்குப் பின்னால் நின்று, நாலே வாயில். அதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தாள்: சிவப்புப் புள்ளித் தட்டில் கை வைக்க மாட்டாள். போன வாரம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. புண்ணின் ஓரம் காய ஆரம்பித்திருந்தது. "பேஷ், இப்படியே சாப்பிடுங்க" என்றார் டாக்டர். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மதியம் பதினெட்டாம் கட்டில் பெரியவர் தட்டைத் தள்ளிவிட்டார். "வாயே கசக்குது, எடுத்துட்டுப் போம்மா." சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே கண் மங்கல்தான். புள்ளி எதுவும் தெரியவில்லை. லிஃப்டுக்குப் பின்னால் போய்த் தின்றாள், காலித் தட்டை வண்டியில் வைத்தாள், வார்டு வாசலைக் கடந்தாள். சிஸ்டர் எட்டிப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கீழே தட்டு கழுவும்போதுதான், பதினெட்டாம் கட்டில் சீட்டிலிருந்து கிழிந்து கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த மூலை கையோடு வந்தது. அதில் சிவப்புப் புள்ளி.

பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு வினாடி நின்றாள். பிறகு புண் காலோடு மூன்று மாடி ஏறி ஓடினாள். பெரியவர் வியர்த்து நனைந்து, வாய் கோணி ஏதோ உளறிக்கொண்டிருந்தார். சிஸ்டர் மாரடைப்போ என்று டாக்டரை அழைத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அவரு சாப்பிடவே இல்ல! நான்தான் தின்னேன்! சர்க்கரை கொறைஞ்சிருக்கும், பாருங்க!"

குளுக்கோஸ் ஏறியது. அரைமணி நேரத்தில் பெரியவர் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

அதற்குப் பிறகு அலுவலக அறைக்கு வெளியே சாயங்காலம் வரை அவளை நிற்க வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டதும் மேலாளர் ஒரு தாளை நீட்டினார். "ஓடி வந்து சொன்னீங்க, அதனால போலீசுக்குப் போகல. நீங்களே வேலைய விட்டுப் போறதா கையெழுத்துப் போட்டுடுங்க."

"சார், அது எப்படியும் பீப்பாய்க்குப் போற சோறு."

"பீப்பாய்க்குப் போகட்டும். உங்களுக்குன்னு ரொட்டி வெச்சிருக்கோம்ல?"

கையெழுத்துப் போட்டாள்.

பின்வாசலில் பீப்பாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான் ஒல்லி, பத்து வருஷமாக அவளோடு சமையற்கட்டில் வேலை செய்கிறவன். அவளைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினான். ஒரு பையோடு வந்தான்.

"வெறுங்கையோட போகாதீங்கக்கா. எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

பையில் ரொட்டியும் ஏழெட்டு ஜாம் பொட்டலங்களும் இருந்தன. அவளுக்கு ஏற்கெனவே கை நடுங்க ஆரம்பித்திருந்தது, நெற்றியில் வியர்வை. மாத்திரை போட்ட உடம்பு சாயங்காலம் வரை ஒன்றும் தின்னாமல் நின்றால் என்னாகும் என்று அவளுக்குத் தெரியாததா? ஒரு பொட்டலத்தைப் பல்லால் கிழித்து ஜாமை நக்கினாள். பிறகு இன்னொன்று.

மூடாத பீப்பாயில் மேலாக அன்றைய தட்டுகள் கொட்டிக் கிடந்தன. பச்சைக் காய், பயறு, உடையாத இரண்டு முழு முட்டை. ஒல்லி மூடியை வைத்து இரண்டு தட்டுத் தட்டி இறுக்கினான். வண்டி கிளம்பியது.