நீலப் புருவம்

மரப்பெட்டியைத் திறந்து மெத்தைத்தாளை விலக்கியதும் அந்த முகம் தெரிந்தது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய எகிப்துச் சவப்பெட்டி அது. ஷார்ஜாவில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கண்காட்சிக்காக வந்திருந்தது. மூடியில் ஒரு பெண்ணின் முகத்தை மரத்திலேயே செதுக்கியிருந்தார்கள். புருவங்களும் கண்ணைச் சுற்றிய மைக்கோடும் கருநீலக் கண்ணாடித் துண்டுகள். பள்ளம் வெட்டி உள்ளே பதித்தவை. விழிகள் திறந்திருந்தன. இடது புருவம் மட்டும் வரும் வழியில் அசைந்து, பாதி வெளியே நின்றது.

இம்மாதிரிப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் கம்பெனியில் நாகலிங்கத்துக்கு வேலை. சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். ஃபோர்மேன் அஸ்கர் அலி மற்றவர்களை அடுத்த லாரிக்கு அழைத்துக்கொண்டு போனார். நாகலிங்கத்தை மட்டும், பழம்பொருட்களைச் சரிசெய்யும் சுஷ்மிதாவுக்கு உதவியாக விட்டுவிட்டார். அபுதாபியில் பிறந்து வளர்ந்தவள் அவள். தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் பேச வரும்.

"அண்ணா, லைட்டை இப்படிச் சாய்ச்சுப் பிடிங்க. ஷேக் ஆகக் கூடாது, ப்ளீஸ்."

மெல்லிய தூரிகையால் பள்ளத்தில் பசை தடவினாள். நாகலிங்கம் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் புருவத்தை விட்டு விலகியது.

"லைட் நகருது அண்ணா. இங்க பாத்துப் பிடிங்க."

"சரி மேடம். இது பொம்பளயா?"

"ஆமா. கோயில்ல பாடுனவங்க. பேரு எழுதியிருக்கு."

"செத்தவங்களுக்குக் கண்ண எதுக்குத் தெறந்து வச்சாங்க?"

"பாக்கணும்னுதான். காலைல சூரியன் வர்றது உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியணும்னு நம்புனாங்க."

நாகலிங்கம் அந்தத் திறந்த விழிகளைப் பார்த்தார். பிறகு, "எங்க வீட்டுக்காரி ஆடி மாசம் தவறிட்டா மேடம்," என்றார்.

தூரிகை நின்றது. "ஊருக்குப் போனீங்களா?"

"போக முடியல. விசா புதுப்பிக்கக் குடுத்த பாஸ்போர்ட்டு கம்பெனி ஆபீஸ்ல கெடந்துச்சு."

மனைவி வீரம்மாளின் கடைசிக் காரியத்தை அவர் தொழிலாளர் கேம்ப்பில், கட்டிலில் உட்கார்ந்து, போனில் பார்த்தார். மச்சினன் கூட்டத்துக்கு மேலே போனைத் தூக்கிப் பிடித்தான். பந்தல் துணியும், ஆட்களின் முதுகும், ஒரு மாலையின் ஓரமும் தெரிந்தன. அவள் முகத்தைக் காட்டுவதற்குள் சிக்னல் போய்விட்டது. அறையில் இருந்த நேபாளிகள் டிவியை அணைத்து, அவருக்கு ஒரு டீ வைத்துவிட்டு வெளியே போனார்கள். கேம்ப்பில் தமிழ் ஆள் வேறு இல்லை; அன்று முதல் இதை அவர் யாரிடமும் தமிழில் சொன்னதில்லை.

சுஷ்மிதா தூரிகையைக் கீழே வைத்தாள். "வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"மக, சந்தியா. காலேஜுல படிக்கிறா. நா வரலைன்னு கோவம். போன எடுக்க மாட்டா."

அவள் விளக்கை வாங்கி மேசை விளிம்பில் முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். "இப்பப் பண்ணுங்க. நான் பாத்துக்கிறேன்."

சரக்கு இறக்கும் இடத்தில் வெயில் கொளுத்தியது. முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவை சந்தியா எடுத்தாள்.

"என்னப்பா?"

சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் நினைத்திருந்தார். "அம்மாவுக்குக் கண்ணு மூடியிருந்துச்சா தாயி?" என்று வந்துவிட்டது.

அந்தப் பக்கம் கதவு ஒன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நான்தான் மூடுனேன்," என்றாள் சந்தியா. "மொதல்ல மூடல. கைய வச்சு அழுத்திக்கிட்டே இருந்தேன். பெரியம்மா எந்திரி எந்திரின்னாங்க. நான் எந்திரிக்கல."

நாகலிங்கம் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இத யாருமே எங்கிட்டக் கேக்கலப்பா," என்று அவள் அழுதாள். "நீங்க வந்திருக்கணும்."

"ஆமா தாயி. வந்திருக்கணும்."

இருவரும் போனை வைக்கவில்லை. கடைசியில், "கிளாஸ் இருக்கு. வெள்ளிக்கிழம பண்ணுங்க, எடுக்குறேன்," என்றாள்.

அவர் முகம் துடைத்து உள்ளே போனபோது புருவம் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. சுஷ்மிதா தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாலையில் நான்கு பேராகச் சவப்பெட்டியைத் தூக்கிக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தார்கள்.

கேம்ப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த நேபாளியிடம், தனக்குத் தெரிந்த இந்தியில், "பேட்டி கா போன்," என்றார் நாகலிங்கம். மகள் பேசினாள் என்று அவனுக்குப் புரிந்தது. "அச்சா, அச்சா," என்று சிரித்து, தன் போனுக்குத் திரும்பிக்கொண்டான். மேலே சொல்ல நிறைய இருந்தது, அதற்கு அவருடைய இந்தி போதாது. அன்று திங்கட்கிழமைதான் ஆகியிருந்தது; வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.