இரண்டு சித்திகள்

நான் செத்துப்போன விஷயத்தை என் மகள் என்னிடம் மருத்துவக் கல்லூரி வாசலில் வைத்துத்தான் சொன்னாள். நேர்முகத் தேர்வுக்கு உள்ளே போக வேண்டிய நேரம்.

"அம்மா, உள்ள யாராவது கேட்டா, நீ என் சித்தின்னு சொல்லிடு."

"ஏன்டி, உங்கம்மாவுக்கு என்ன வந்துச்சு?"

அவள் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தவறிட்டாங்க. போன வருஷம். நுரையீரல்ல கட்டி."

நான் பஸ் கண்டக்டர். முன்படிக்கட்டில் நின்று கத்தினால் கடைசி சீட்டில் தூங்குகிறவன் எழுந்து சில்லறை எடுப்பான். அந்த நுரையீரலில் கட்டியாம்! எனக்கு வந்த கோபத்தில் வாசல் காவலாளி இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"யாருடி என்னைக் கொன்னது?"

"கத்தாதம்மா. வழிகாட்டி சார்தான் அப்படி மாத்தி எழுதச் சொன்னார். அப்பாவுக்கும் தெரியும். இன்னைக்கு அப்பாதான் கூட வரணும்னு சார் சொல்லியிருந்தார். நீ திடீர்னு லீவு போட்டுக் கிளம்பிட்ட."

வீட்டுக்காரர் காலையில் ஏன் அப்படித் திருதிருவென்று முழித்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. வேலையிடத்தில் ஆள் வரவில்லை என்று அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் போகிறேன் என்றதும், வேண்டாம் என்றும் சொல்லாமல் சரி என்றும் சொல்லாமல் சட்டைப் பொத்தானையே மாட்டிக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி என்று நாங்கள் சொல்கிற ஆள், மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தி, நேர்முகத்தில் எப்படி உட்காருவது, எப்போது கண்ணைத் துடைப்பது என்றெல்லாம் பழக்கிவிட்டுக் காசு வாங்குகிறவர். இந்தக் கல்லூரியில் மதிப்பெண் மட்டும் போதாது, 'நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன்' என்று எழுதியும் கொடுக்க வேண்டும். முதல் தடவை அவர் அலுவலகத்துக்கு நானும் போயிருந்தேன். சுவர் முழுக்க வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகளின் படம். மகள் தானே எழுதிய கட்டுரையை நீட்டினாள்.

அது என் காலைப் பற்றியது. வருடக்கணக்காக ஓடுகிற பஸ்ஸில் நின்று நின்று எனக்குக் காலில் நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேல் ஒரு புண். ஆறும், மறுபடி வாய் திறக்கும். பள்ளி விட்டு வந்ததும் அதைக் கழுவிக் கட்டுப் போடுவது அவள்தான். ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டாள். 'அம்மா வலிக்கவில்லை என்று சொன்னால் வலிக்கிறது என்று அர்த்தம். என்னைத் திட்டினால் ஆறி வருகிறது என்று அர்த்தம். இப்படித்தான் நோயாளி சொல்வதைக் கேட்கக் கற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு, பெருமையைக் காட்டிக்கொள்ளாமல் கையெழுத்து கோணல் என்று சொல்லி வைத்தேன்.

வழிகாட்டி அதைப் படித்தார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து என் காலைப் பார்த்தார், கடையில் கத்திரிக்காயைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி.

"கால் புண்ணெல்லாம் எடுபடாதுங்க. இன்னும் கொஞ்சம் கனமா ஏதாவது வேணும்."

எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று நான் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கனம் நான்தான் என்று எனக்கெப்படித் தெரியும்?

சரி, வாசலில் நின்று என்ன செய்வது. உள்ளே போனோம். அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. நாங்கள் போகும்போதுதான் ஒரு பெண் அதிலிருந்து எழுந்து உள்ளே போனாள். மகள் தண்ணீர் குடிக்கப் போனாள். என் பக்கத்தில் பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"பொண்ணா?" என்று கேட்டேன்.

"அக்கா பொண்ணு. உள்ள போயிருக்கா. நான் சித்தி." கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நீங்க?"

"நானும் சித்திதான்."

"அப்படியா? உங்க அக்கா வரலையா?"

"தவறிட்டா. போன வருஷம்."

"ஐயோ. எங்க அக்காவும் போன வருஷம்தான். நுரையீரல்ல..."

"கட்டி," என்றேன் நான்.

அவள் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உள்ளே போயிருந்த பெண்ணின் மூக்கு, அப்படியே இவள் முகத்தில் உட்கார்ந்திருந்தது.

"வழிகாட்டியா?" என்று கேட்டேன். அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். செத்துப்போன இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். சிரிப்பதா, செருப்பைக் கழற்றுவதா என்று தெரியவில்லை.

கதவு திறந்து அவள் பெண் வந்தாள். கண் சிவந்திருந்தது, முகத்தில் ஜெயித்த களை. என் மகளும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நின்றாள். "நல்லாப் போச்சு சித்தி," என்றது அந்தப் பெண். "கடைசி மூச்சுல அம்மா என் கையப் பிடிச்சு, நீ டாக்டராகி வேற யாரோட அம்மாவையாவது காப்பாத்துன்னு சொன்னதச் சொன்னேன். அந்த மேடமே கண்ணத் துடைச்சாங்க."

என் மகளின் முகம் வெளுத்துப்போயிற்று. அந்தக் கை, அந்த மூச்சு, அந்த வாக்கியம் எல்லாம் இவளுக்கும் அதே ஆள் எழுதிக்கொடுத்ததுதான். ஒரு சாவை இரண்டு வீட்டுக்கு விற்றிருக்கிறான், படுபாவி. அடுத்துக் கூப்பிடப்போவது இவளை. அதையே சொன்னால் மாட்டிக்கொள்வாள், உண்மையைச் சொன்னால் சீட்டு போகும். சின்ன வயதிலிருந்து இவள் கேட்டது இந்த ஒரு படிப்பைத்தான்.

என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை. "வேணும்னா வியாதிய மாத்திச் சொல்லிடுடி. மாரடைப்புன்னு வெச்சுக்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எத்தனை தடவைம்மா உன்னைச் சாகடிக்கிறது?"

அவளைக் கூப்பிட்டார்கள். போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, "அம்மா யாரு? உள்ள வாங்க," என்றார்கள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெண் மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கட்டுரைல எழுதினது பொய்னு உங்க பொண்ணே சொல்றா. கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டதுதான் நிஜம்னு சொல்றா. நீங்க..."

"உயிரோடதான் இருக்கேங்க. பொய் சொன்னது தப்பு, அதுக்கு அவளை என்ன வேணா சொல்லுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். பிள்ளை இதை மொதல்ல உள்ளபடிதான் எழுதிச்சு. இது எடுபடாது, இன்னும் கனமா வேணும்னு ஒருத்தன் சொல்றான்னா, இங்க என்ன விலை போகுதுன்னு தெரிஞ்சுதானே சொல்றான்? அழுதாத்தான் சீட்டுன்னு இருந்தா, ஊர்ல அம்மாக்கள் எல்லாம் வரிசையா செத்துக்கிட்டேதான் இருப்போம்!"

வெளியே இருக்கிற பச்சைப் பைக்காரியும் செத்தவள்தான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் பெண்ணும் ஒரு பிள்ளைதானே. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விதிப்படி இந்த விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும், அடுத்த வருடம் மறுபடி போடலாம் என்று மட்டும் அந்த மருத்துவர் சொன்னார். அப்போதும் என் காலைப் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேராக வழிகாட்டியின் அலுவலகத்துக்குத்தான் போனேன். "நல்லா வந்துக்கிட்டிருந்ததை நீங்களே கெடுத்துக்கிட்டீங்களேம்மா," என்றார்.

"அம்மாவா? நான் செத்துட்டேன்யா. இது என் ஆவி. தெருவுக்கே கேக்கற மாதிரி பேசிட்டுத்தான் போகும்." பேசினேன். காத்திருந்த இரண்டு குடும்பம் எழுந்து போனது. மறு வாரமே வேறு குடும்பங்கள் வந்திருக்கும், அது எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரருக்கும் மிச்சம் வைக்காமல் கொடுத்தேன். "நல்லதுக்குன்னு நெனச்சேன்," என்றார். என்னைக் கொன்றா நல்லது!

சில மாதம் கழித்துப் பச்சைப் பைக்காரி என் பஸ்ஸில் ஏறினாள். கல்லூரி நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டாள். பக்கத்துச் சீட்டுக்காரர் சும்மா இருக்காமல், "பொண்ணு டாக்டருக்குப் படிக்குதா?" என்றார்.

"அக்கா பொண்ணு," என்றாள்.

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் இறங்கிப்போன பிறகு அவளாகவே பேசினாள்.

"நாலு நாளா பொண்ணுக்குக் காய்ச்சல். நேத்து வந்தேன், விடுதிக்குள்ள விடல. பெத்தவங்க வந்தாத்தான் அறைக்கு விடுவாங்களாம். மேல ஜன்னல்ல நின்னு சித்தின்னு கூப்பிட்டா. இன்னைக்காவது விடுவாங்களான்னு பாக்கணும்."

நிறுத்தம் வந்தது. அவள் பையை அணைத்துக்கொண்டு இறங்கி, கேட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள். விசில் ஊத மறந்து நின்றேன், டிரைவர் கண்ணாடியில் பார்த்து முறைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மகள் வழக்கம்போல் என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புண்ணைக் கழுவி, விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கட்டைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"விண்ணப்பம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். மொதல்ல எழுதினதேதான். கடைசியில ஒரு வரி மட்டும் சேத்திருக்கேன்."

"என்ன வரி?"

கட்டுத் துணியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "'என் அம்மா உயிரோடு இருக்கிறார், இதை எழுதும்போதும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.'"

"ஒழுங்கா இறுக்கிக் கட்டுடி, கழுதை," என்றேன்.