நிறுத்துப் பார்த்த பாட்டுகள்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளை முதல் என் இலையில் உப்புகூட விழாமல் போகட்டும். ஐம்பத்தொன்பதாம் வருஷம் திண்டுக்கல் பேகம்பூரில் ரேடியோப் பாட்டைத் தராசில் வைத்து நிறுத்தார்கள்.

எந்த வானொலி நிலையம் எந்த வகைப் பாட்டை அதிகம் போடுகிறது என்று கேட்டு எழுத, சென்னை இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று உடையப்பனைத் திண்டுக்கல்லில் அமர்த்தியிருந்தது. பக்தி, காதல், கல்யாணம், சோகம் என்று வகை பிரித்து வாராவாரம் தபாலில் அனுப்ப வேண்டும். உத்தியோகம் நிரந்தரமானால்தான் பெண் என்று சொல்லிவிட்டார் தென்னந்தோப்புக்காரர் பெருமாள்சாமி. அவர் மகள் சண்முகவள்ளிக்கோ மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. குறை ஒன்றுதான்: உடையப்பனுக்கு எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்டது.

அவன் குடியிருந்த மாடிக்குக் கீழே சனாவுல்லாவின் புளி மண்டி. எதையும் நிறுக்காமல் நம்பாத மனிதர். கம்பெனி ரேடியோவைத் தூக்கித் தராசுத் தட்டில் வைத்தார். பக்திப் பாட்டுக்குத் தட்டு மேலே போனது, காதலுக்குக் கொஞ்சம் இறங்கியது, கல்யாணப் பாட்டுக்கு நடுவில் நின்றது, சோகத்துக்குத் தரையைத் தொட்டது. நத்தத்திலிருந்து மூட்டையோடு வந்தவர்கள் வியக்கவில்லை. தங்கள் முறை வரும்வரை மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள். உடையப்பன் அனுப்பிய விவரத்தை நம்பிய கம்பெனி, வானொலியில் ஓயாமல் ஒலித்த கல்யாணப் பாட்டு ஒன்றைக் கேட்டுப் பார்க்காமலே மூட்டை மூட்டையாக இசைத்தட்டு போட்டது. உத்தியோகம் நிரந்தரமாயிற்று. முகூர்த்தம் குறித்தார்கள்.

கல்யாணத்துக்கு மானேஜரே வந்து அந்த இசைத்தட்டைப் பரிசாகக் கொடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் பாடும் பாட்டு. அதன் கனத்தில் பந்தக்கால்கள் ஒரு முழம் பூமிக்குள் இறங்கின. தாழ்ந்துபோன பந்தலுக்குக் கீழே மானேஜர் குனிந்தபடியே கத்தினார்.

"இதைக் கல்யாணப் பாட்டுன்னு எவன்யா எழுதினது? உன் வேலை போச்சு!"

"வேலை போனா பொண்ணும் இல்ல, மாப்ள," என்று தாலித் தட்டை இழுத்துக்கொண்டார் பெருமாள்சாமி.

சனாவுல்லா தலையைச் சொறிந்தார். "ஏலே அப்பு, புளியில கொட்டைக்கு எடை கழிப்போம்ல, அதே கைப்பழக்கத்துல பாட்டுக்கும் கழிச்சுட்டேன். சோகம் கல்யாண எடைக்கு வந்து நின்னுருச்சு."

"பாட்டுல ஏது பாய் கொட்டை?" என்றான் உடையப்பன்.

"கழிவில்லாத சரக்கு எங்கடா இருக்கு?"

அதற்குள் பெண்ணின் தாய் ஜக்கம்மாள் மூக்கைச் சிந்தியபடி மானேஜரிடம் வந்தாள். "ஏய்யா, பொண்ணக் குடுத்துட்டு வாய்விட்டு அழுக ஒரு பாட்டு இல்லாமத்தான இம்புட்டு நாளா வெங்காயம் உரிச்சோம்! இன்னொருக்கா போடச் சொல்லுங்க. இந்தப் பிளேட்டு எந்தக் கடையில கிடைக்கும்?"

பெண்கள் எல்லாரும் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து விலை கேட்டார்கள். மானேஜர் அங்கேயே "கல்யாண அழுகை" என்று ஐந்தாவது வகையைத் திறந்து, அதற்கு உடையப்பனையே பொறுப்பாக்கினார். அவன் முழங்காலில் நின்று தாலி கட்டினான். அது முதல் அந்தப் பக்கத்தில் பந்தக்கால் ஒரு முழம் கூடுதலாகத்தான் வெட்டுகிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

பிற்பாடு பழுது பார்க்கக் கழற்றியபோது, அந்தக் கம்பெனி ரேடியோவுக்குள் அதைப் பாடவைக்கும் கண்ணாடி வால்வு ஒன்றுகூட ஒருநாளும் மாட்டப்பட்டதில்லை என்று தெரிந்தது.